வேலை பார்க்கத் தோதான கஃபேயைக் கண்டுபிடிக்க: நாமே சேர்ந்து மதிப்பெண் போடும் முறை, முழுமையான வழிகாட்டி

கூகுள் மேப்ஸில் 4.6 நட்சத்திரம் என்று பார்த்துவிட்டு லேப்டாப்போடு போய் உட்கார்ந்தால், முழங்கால் உயரத்தில் ஒரு மேசை, தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர், சுவரில் இருக்கும் ஒரே பிளக்கில் கேக் ஃபிரிட்ஜ். அந்த நட்சத்திரத்தில் பொய் ஒன்றும் இல்லை. போட்டவர்கள் பிறந்தநாளுக்கு வந்தவர்கள். கேக் நன்றாக இருந்தது, போட்டோ நன்றாக வந்தது, ஐந்து போட்டுவிட்டுப் போனார்கள். நான்கு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க நினைப்பவருக்கு அந்த எண்ணால் பிரயோஜனம் இல்லை.

ஆயிரம் பேர் போட்ட நட்சத்திரத்தைவிட, நம்மைப் போல வேலை பார்க்கும் எட்டுப் பத்துப் பேர் தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்த குறிப்பு அதிகம் உதவும். இதற்குப் புதிதாக ஆப் எதுவும் வேண்டாம். ஊர் ஊராகப் போய்க்கொண்டே வேலை பார்ப்பவர்கள் பயன்படுத்தும் நோமாட் லிஸ்ட் தளமே 2014-ல் பீட்டர் லெவல்ஸ் என்பவர் ‘யார் வேண்டுமானாலும் நிரப்புங்கள்’ என்று திறந்துவிட்ட ஒரு கூகுள் ஷீட்டாகத்தான் தொடங்கியது. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு ஷீட், அவ்வளவு போதும். உதாரணங்களைச் சென்னையிலிருந்து எடுத்திருக்கிறேன். கோவை, மதுரை, திருச்சிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் வேலையை வகை பிரியுங்கள்

‘இந்தக் கஃபே நல்லதா?’ என்று குழுவில் கேட்டால் ஒன்றுக்கொன்று முரணாகப் பதில் வரும். எல்லாரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். புரோகிராம் எழுதுகிறவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நாற்காலியும் பிளக்கும் இருந்தால் போதும், இணையம் சுமாராக இருந்தாலும் ஓட்டிவிடலாம். நாள் முழுக்க மீட்டிங்கில் இருப்பவருக்குச் சத்தம்தான் முதல் எதிரி. வீடியோ எடிட்டருக்கு அப்லோடு வேகம் இல்லாவிட்டால் கதை முடிந்தது. எனவே மதிப்பெண் போடுகிறவர் எந்த வேலைக்காகப் போனார் என்று ஷீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்: அமைதி வேலை, அழைப்பு வேலை, கனமான ஃபைல் வேலை. மூன்று வகை போதும். ஏழெட்டாகப் பிரித்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

2. இருக்கிற மதிப்புரைகளைத் தோண்டுங்கள்

வெற்று ஷீட்டோடு தொடங்க வேண்டாம். முதல் பதினைந்து இருபது கடைகளைக் கூகுள் மேப்ஸிலிருந்தே பொறுக்கி எடுக்கலாம், ஆனால் படிக்கும் விதம் வேறு.

கடையின் பக்கத்தில் மதிப்புரைகளுக்குள் தேடும் வசதி இருக்கிறது. அதில் வைஃபை, லேப்டாப், சார்ஜிங், பிளக் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டுங்கள்; நம் ஊரில் பெரும்பாலான மதிப்புரைகள் ஆங்கிலத்திலோ தங்கிலீஷிலோதான் இருக்கின்றன. அப்புறம் ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்துங்கள். மேலே தெரியும் சராசரி, கடை திறந்த நாளிலிருந்து விழுந்த நட்சத்திரங்களையெல்லாம் சேர்த்தது. நடுவில் கை மாறியிருக்கலாம், வைஃபையே எடுத்திருக்கலாம்.

எழுத்தைவிடப் படங்கள் அதிகம் சொல்லும். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் எடுத்தவற்றைப் பாருங்கள். லாட்டேயை விடுங்கள், பின்னணியைப் பாருங்கள். சுவரின் அடிப்பக்கம் சுவிட்ச் போர்டு தெரிகிறதா? நாற்காலிக்கு முதுகு இருக்கிறதா, இல்லை முக்காலியா? கூரை வெறும் கான்கிரீட்டாகவும் சுவர் முழுக்கக் கண்ணாடியாகவும் இருந்தால் நாலு பேர் பேசினாலே எதிரொலிக்கும். பக்கத்து மேசையில் எவராவது லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பது படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல சிபாரிசு.

ஒற்றை நட்சத்திரக் கோபங்களையும் படியுங்கள். ‘ஒரே ஆள் மணிக்கணக்கா லேப்டாப்போட உட்கார்ந்திருக்கார், எங்களுக்கு டேபிளே கிடைக்கல’ என்று ஒரு குடும்பம் திட்டியிருந்தால், அந்தக் கடை உங்கள் பட்டியலின் மேலே போகலாம். ‘சர்வீஸ் ரொம்ப ஸ்லோ, யாரும் வந்து எதுவும் கேட்கல’ என்பதும் நமக்கு வசை இல்லை. ‘ஏசி வேலை செய்யவில்லை’ என்பது மட்டும் யார் சொன்னாலும் வசைதான், அதுவும் மே மாதத்தில்.

ஜொமாட்டோவில் பார்ப்பதானால், கடைக்கு வந்து சாப்பிட்டவர்களின் மதிப்பெண்ணும் டெலிவரி மதிப்பெண்ணும் தனித்தனி. ஆறிப்போன பாஸ்தாவுக்கு விழுந்த அடியைக் கடையின் தலையில் கட்டாதீர்கள்.

ஒரே வாரத்தில் திடீரென்று ஐந்து நட்சத்திரங்கள் கொட்டியிருந்தால், பில்லோடு ‘ரிவ்யூ போட்டால் பிரவுனி இலவசம்’ என்று ஓர் அட்டை வந்திருக்க வாய்ப்புண்டு. கூகுளின் விதிகள் இதை அனுமதிப்பதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் இணைய மதிப்புரைகளுக்கென்று 2022-ல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. ஆனால் கல்லாவுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

3. நேரில் போய் அளந்து பாருங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். ‘வைஃபை நல்லா இருக்கு’ என்று எழுதினால் அது அபிப்பிராயம். எண்ணும் நேரமும் போட்டு எழுதினால்தான் அடுத்தவர் அதை நம்பி ஆட்டோ பிடிக்க முடியும்.

பிளக். கடையில் எத்தனை பிளக் என்று எண்ணாதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து சார்ஜர் வயர் எட்டும் பிளக் எத்தனை என்று எண்ணுங்கள். சொருகி, சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பல இடங்களில் சாக்கெட் தளர்ந்துபோய், அடாப்டரின் கனத்துக்கே சரிந்து தொங்கும். காலை அசைத்தால் சார்ஜ் நின்றுவிடும். சில கடைகளில் மேசைப் பக்கத்துப் பிளக்குகளுக்கெல்லாம் சுவிட்ச் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும். ‘அண்ணா, இந்தப் பிளக் கொஞ்சம் போட்டு விடுறீங்களா?’ என்று கேட்டால் போட்டுவிடுவார்கள், ஆனால் அது தெரியாமல் ‘பிளக் வேலை செய்யவில்லை’ என்று ஷீட்டில் எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு.

இணையம். பெரும்பாலான கடைகளில் கைபேசி எண் கொடுத்து ஓடிபி வாங்கித்தான் வைஃபைக்குள் நுழைய முடியும். எத்தனை நிமிடத்தில் அது துண்டித்துவிட்டு மறுபடி ஓடிபி கேட்கிறது என்று பாருங்கள். மீட்டிங் நடுவில் இது நடந்தால்தான் அருமை தெரியும். ஸ்பீட் டெஸ்ட் அல்லது ஃபாஸ்ட் டாட் காம் ஓட்டி மூன்று எண்களைக் குறியுங்கள்: டவுன்லோடு, அப்லோடு, பிங் (தகவல் போய்த் திரும்பி வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில்). எல்லாரும் டவுன்லோடைப் படம்பிடித்துப் போடுகிறார்கள், ஆனால் உங்கள் முகமும் குரலும் எதிர்முனைக்குப் போவது அப்லோடில். ஜூம் சொல்லும் கணக்குப்படி, இருவர் பேசும் 720பி தர வீடியோவுக்குப் போக்கும் வரத்தும் நொடிக்கு 1.2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) இருந்தால் போதும். அது மிகக் குறைவாகத் தெரியலாம். ஆனால் மாலை ஐந்து மணிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ளே வந்து ரீல்ஸ் பார்க்கத் தொடங்கினால், அந்த 1.2 கூடத் தேறாது. காலையில் அளக்கும்போது அப்லோடு 5-க்கு மேல் இருந்தால் நிம்மதியாக உட்காரலாம். பிங் நூறைத் தாண்டினால் பேச்சில் ஒருவர் மேல் ஒருவர் விழுவோம்.

கூடவே உங்கள் சிம்மின் ஹாட்ஸ்பாட்டையும் அதே நாற்காலியிலிருந்து அளந்து, எந்த நெட்வொர்க் என்று எழுதுங்கள். மால்களின் உள்பக்கமும் அடித்தளக் கடைகளும் சிக்னல் ஏமாற்றும் இடங்கள். கடை வைஃபை போனாலும் கை கொடுப்பது ஹாட்ஸ்பாட்தான். வங்கி வேலை, அலுவலக ரகசியம் எதுவானாலும் ஹாட்ஸ்பாட்டில் செய்வதே உத்தமம்.

சத்தம். டெசிபெல் ஆப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மீட்டிங்குக்குப் பயன்படுத்தும் அதே ஹெட்போனில் அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் குரலுக்குப் பின்னால் பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்டால் அழைப்பு வேலைக்கு அது ஆகாது. காபிக் கொட்டை அரைக்கும் இயந்திரம், மில்க் ஷேக் மிக்ஸி இரண்டும் கவுண்டர் ஓரத்தில் உட்காருபவரின் காதுக்குள்ளேயே ஓடும். எந்த மேசையில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள். ‘மாடியில் ஜன்னல் ஓரம்’ என்பதே போதுமான குறிப்பு.

மின்சாரம். சென்னையில் மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தும், பெரும்பாலும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை. முன்கூட்டியே அறிவிப்பு வரும், செய்தித்தாளிலும் போடுவார்கள். வீட்டில் மின்சாரம் இல்லையே என்று கிளம்பி, அதே தெருவில் இருக்கும் கஃபேக்குப் போய் என்ன பயன்? கடையில் கேட்க வேண்டியது ‘ஜெனரேட்டர் இருக்கா?’ என்பது மட்டும் இல்லை. ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, வைஃபை ரூட்டருக்கு இன்வெர்ட்டர் உண்டா என்றும் கேட்க வேண்டும். ரூட்டருக்கு இன்வெர்ட்டர் இல்லாத கடையில் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் இணையம் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கிளை விழுந்து கம்பத்துக் கேபிள் அறுந்தால் அந்தத் தெருவுக்கே நெட் கிடையாது, அதைக் கடையின் கணக்கில் எழுத வேண்டாம்.

கழிப்பறை இருக்கிறதா, உள்ளேயா வெளியேயா, சுத்தமா என்று எழுதுங்கள். நான்கு மணி நேரம் உட்காருபவருக்கு இது வைஃபைக்குச் சமம். எங்கள் குழுவில் பெண்கள் முதலில் பார்க்கும் கட்டம் இதுதான். இருட்டிய பிறகு பேருந்தோ ஆட்டோவோ எளிதாகக் கிடைக்குமா என்பது அடுத்தது.

4. படிவம்: இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது

கூகுள் ஃபார்மில் போட்டுவிட்டால் பதில்கள் தானாக ஷீட்டில் சேரும். கட்டங்கள் இவை போதும்:

கடை, பகுதி, எந்தக் கிளை
தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை
எந்த வகை வேலை
கைக்கு எட்டும் பிளக்: இல்லை / சில மேசைகளில் / எல்லா மேசைகளிலும்
அப்லோடு, பிங்
அழைப்பு பேச முடிந்ததா: ஆம் / மெதுவாக / முடியாது
கரண்ட் போனால்: எல்லாம் ஓடும் / விளக்கு மட்டும் / தெரியாது
கழிப்பறை: உள்ளே / வெளியே / இல்லை, சுத்தமா
எவ்வளவு பில் ஆனது
எழுந்து போகச் சொன்னார்களா, குறிப்பால் உணர்த்தினார்களா
மறுபடி இதே வேலைக்கு இங்கே வருவேனா: 1 முதல் 5

கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் மதிப்பெண். மற்றதெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்வது. ‘சூழல் எப்படி, 5-க்கு எவ்வளவு?’ என்று கேட்டால் ஒருவரின் 3 இன்னொருவரின் 5 ஆகிவிடும். ‘தெரியாது’ என்ற பதிலை எல்லாக் கேள்விக்கும் வையுங்கள், இல்லாவிட்டால் ஊகித்து நிரப்புவார்கள்.

5. கணக்கு: சராசரியை அப்படியே நம்பாதீர்கள்

இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவது. காபி 5, நாற்காலி 5, ஏசி 5, பிளக் 0 என்றால் சராசரி 3.75 வரும், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பேட்டரி தீர்ந்ததும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆகவே முதலில் வடிகட்டுங்கள். உங்கள் வேலைக்கு எது இல்லாமல் முடியாதோ, அது இல்லாத கடைகளை ஷீட்டின் ஃபில்டரில் மறைத்துவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் மதிப்பெண்ணால் வரிசைப்படுத்துங்கள்.

இன்னொன்று, சிலர் மட்டும் மதிப்பெண் போட்ட கடை உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்வது. ஒரு கடைக்கு இரண்டு பேர் தலா 5 போட்டிருக்கிறார்கள். இன்னொன்றுக்கு இருபது பேர் போட்டு, சராசரி 4.4. வெறும் சராசரியில் முதல் கடை ஜெயிக்கும். எதை நம்பிப் போவீர்கள்? இதற்கு எளிய வழி, ஒவ்வொரு கடைக்கும் ஐந்து கற்பனை வாக்குகளைச் சேர்ப்பது. அந்த வாக்குகளின் மதிப்பு உங்கள் முழுப் பட்டியலின் சராசரி. அது 3.5 என்று வைத்துக்கொள்வோம்; ஐந்து வாக்குக்கு 17.5.

முதல் கடை: 10 + 17.5 = 27.5, அதை 7-ஆல் வகுத்தால் 3.93.
இரண்டாவது கடை: 88 + 17.5 = 105.5, அதை 25-ஆல் வகுத்தால் 4.22.

வரிசை மாறிவிட்டது. புதுக் கடைக்கு இதில் அநியாயம் எதுவும் இல்லை. இன்னும் சிலர் போய் 5 போட்டால் தானாக மேலே ஏறும். சராசரியில் போட்டவர் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் இந்த முறையைப் புள்ளியியலில் பேய்சியன் சராசரி என்பார்கள். ஷீட்டில் ஒரு நெடுவரிசைக்கு ஒரு சூத்திரம், அவ்வளவுதான்.

ஒருவர் ஒரே கடைக்குப் பத்து முறை போயிருந்தால் மதிப்பெண் கணக்கில் அவருடைய கடைசிப் பதிவை மட்டும் எடுங்கள். உண்மைத் தகவல்கள் பத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

முரணாக இருக்கும் பதிவுகளை அழிக்கத் துடிக்காதீர்கள். ‘அமைதியான இடம்’ என்று ஒருவரும் ‘சந்தைக்கடை’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தால், முதலில் நேரத்தைப் பாருங்கள். முன்னவர் செவ்வாய் காலை பத்தரைக்குப் போயிருப்பார், பின்னவர் வெள்ளி மாலை ஆறுக்கு. நாளை மூன்றாகப் பிரியுங்கள்: திறந்ததிலிருந்து 12 வரை, 12 முதல் 4 வரை, 4-க்கு மேல். வார இறுதி தனி. அப்படிப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசிச் சண்டை தீர்ந்துவிடும்.

6. எது எவ்வளவு நாள் தாங்கும்?

பிளக்கும் மேசையும் ஆண்டுக்கணக்கில் மாறாது. வைஃபை வேகம் கடைக்காரர் பிளான் மாற்றினால் மாறும். ‘ரொம்ப நேரம் உட்காரலாம், ஒன்றும் சொல்ல மாட்டார்கள்’ என்ற தகவலுக்குத்தான் ஆயுள் குறைவு. மேனேஜர் மாறினால் போச்சு. ஆறு மாதத்துக்கு மேல் புதுப் பதிவு எதுவும் வராத கடையின் வரிசை தானாகச் சாம்பல் நிறமாகும்படி ஷீட்டில் வைத்துவிடுங்கள். அந்தப் பக்கம் போகிற யாராவது எட்டிப் பார்த்துவிட்டு ‘அப்படியேதான் இருக்கு’ என்று ஒரு வரி போட்டால் போதும்.

7. கடைக்காரர் பக்கம்

நம் பட்டியல் பிரபலமானால் அந்தக் கடையில் நமக்கே இடம் கிடைக்காது, கடைக்காரருக்கும் நஷ்டம். ஒரு கப்புசினோவை வைத்துக்கொண்டு நாலு பேர் மேசையில் மதியம் முழுக்க ஒருவர் உட்கார்ந்தால், அந்த மேசையின் வாடகை கூடத் தேறாது. தென் கொரியாவில் கஃபேயில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கென்றே தனிப் பெயர் வைக்கும் அளவுக்குக் கூட்டம் பெருகி, சிலர் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், பிரிண்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரை தூக்கிக்கொண்டு வர, அங்குள்ள ஸ்டார்பக்ஸ் 2025 ஆகஸ்டில் அவற்றுக்குத் தடை போட்டது. இங்கே அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை, ஆனால் ‘வார இறுதியில் லேப்டாப் கூடாது’ என்று கடைகள் யோசிக்கத் தொடங்கினால் குற்றம் சொல்ல முடியாது.

குழுவில் சேருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஆர்டர் செய்ய வேண்டும். சாப்பாடும் போடும் கடையானால் 12.30-க்கு மேல் பெரிய மேசையைப் பிடித்து வைக்கக் கூடாது. தனியாகப் போனால் இருவர் மேசை. ஸ்பீக்கரில் பேசுவதும், வீட்டு டிபன் பாக்ஸைத் திறப்பதும் கூடவே கூடாது. ஷீட்டில் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை கல்லாவில் கேட்டுவிடுவதும் நல்லது: ‘சார், லேப்டாப் வெச்சு வேலை பாக்க நாலஞ்சு பேர் அப்பப்ப வருவோம், பரவாயில்லையா? எந்த நேரம் உங்களுக்குத் தோது?’ பெரும்பாலும் ‘காலையில வாங்க, அப்ப காலியாத்தான் இருக்கும்’ என்பார்கள். அந்தப் பதிலை அப்படியே ஷீட்டில் போடுங்கள். அதைவிட நல்ல தகவல் உங்களுக்கு எந்த மதிப்புரையிலும் கிடைக்காது.

8. கஃபே இல்லாத இடங்களுக்கு ஒரு தனிப் பக்கம்

அமைதி வேலைக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை எந்தக் கஃபேயும் மிஞ்சாது. 2010-ல் திறந்தது, ஏசி உண்டு, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. அழைப்பு வேலைக்கு மட்டும் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். வட சென்னைப் பக்கம் இருப்பவர்கள் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தைப் பார்க்கலாம். 2024 நவம்பரில் திறந்தபோது பகிர்ந்து பணியாற்றும் இடத்துக்கு அரை நாளுக்கு 50 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். எந்தக் கஃபேயிலும் அந்தக் காசுக்குத் தண்ணீர் பாட்டில்தான் வரும். இவற்றையும் அதே படிவத்தில் மதிப்பிடலாம், ஆனால் கஃபேக்களோடு ஒரே வரிசையில் கலக்காதீர்கள்.

9. எதைப் பொதுவில் போடலாம், எதை உள்ளேயே வைக்க வேண்டும்?

குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் உதவ நினைத்தால் கூகுள் மேப்ஸில் உங்கள் பதிவைப் போடலாம். இப்படி எழுதினால் போதும்: ‘செவ்வாய்க்கிழமை காலை 10 முதல் 1 வரை இருந்தேன். மாடியில் சுவர் ஓர மேசைகள் எல்லாவற்றிலும் பிளக் உண்டு, நடு மேசைகளில் இல்லை. வைஃபைக்கு ஓடிபி வேண்டும், அப்லோடு 8. பாட்டு மெதுவாக, அழைப்பு பேச முடிந்தது. 12.30-க்கு மேல் கூட்டம்.’ இதைப் படிக்கிறவர் நட்சத்திரத்தைப் பார்க்கவே மாட்டார். எல்லாரும் சேர்ந்து நிரப்பும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் கடைக்கு வைஃபை உண்டா, இலவசமா, வாடிக்கையாளருக்கு மட்டுமா என்று குறிக்க இடம் இருக்கிறது. அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

வைஃபை பாஸ்வேர்டைப் பொதுவில் போடாதீர்கள். ஊழியர் பெயர் வேண்டாம். ‘அந்தக் கண்ணாடி போட்ட தம்பி ஒன்றும் சொல்ல மாட்டார்’ என்று எழுதினால் அந்தத் தம்பிக்குத்தான் ஆபத்து. படம் எடுத்தால் பக்கத்து மேசைக்காரரின் முகமும் திரையும் விழாமல் எடுங்கள்.

ஷீட்டை மாதம் ஒருமுறை தரவிறக்கி இரண்டு பேரின் கணினியிலாவது வைத்துக்கொள்ளுங்கள். கடைகளுக்கு மதிப்புரை எழுதும் ஃபோர்ஸ்கொயரின் சிட்டி கைடு ஆப் 2024 டிசம்பரில் மூடப்பட்டது. அதில் ஆண்டுக்கணக்கில் குறிப்பு எழுதி வைத்தவர்கள் கடைசி நேரத்தில் தரவைக் காப்பாற்ற ஓட வேண்டியிருந்தது.

திருத்தும் உரிமை இரண்டு மூன்று பேருக்குப் போதும். மற்றவர்கள் ஃபார்ம் வழியாகப் போடட்டும். கடைக்காரர் எவராவது ‘எங்கள் கடையை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால் வாக்குவாதம் செய்யாமல் வரிசையை மறைத்துவிடுங்கள். ஆனால் அழிக்க வேண்டாம். ‘லேப்டாப்புக்கு விருப்பமில்லை’ என்று ஒரு குறிப்பும் தேதியும் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமே புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதே கடையைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவார்.